ஒரு சைஸ் சின்னதாய்

ஜெர்மனியில் நான் வாங்கும் புதுத் துணிகளை எனக்கு முன்னால் கையில் வாங்குகிறவர் கீழ் வீட்டு ஃப்ரௌ லாங்கே என்ற அம்மாள். பார்சல் கொண்டுவருகிறவர் மணி அடித்துப் பார்ப்பார். நான் வேலைக்குப் போயிருப்பேன். பொட்டலத்தைக் கீழ் வீட்டில் ஒப்படைத்துவிட்டு, என் தபால் பெட்டியில் ஒரு சீட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். சாயங்காலம் நான் போய் நின்றால் ஃப்ரௌ லாங்கே பொட்டலத்தை நீட்டி வணக்கம் சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வார். ஆறு வருடமாக இது நடக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் தூத்துக்குடியில் ஒரு வீட்டுக்குள் துணிப்பை நுழைந்துவிட்டால் அந்த வரிசையே வந்துவிடும். எந்தக் கடை, சாயம் போகுமா, இந்தக் கலர் உனக்கு எடுபடுமா என்று நாலு பேர் பிரித்து உதறிப் பார்த்த பிறகுதான் அது வாங்கியவளுக்கே சொந்தமாகும். வந்த புதிதில் ஃப்ரௌ லாங்கே ஒன்றும் கேட்காமல் இருப்பது எனக்குப் பெரிய நாகரிகமாகப்பட்டது. இப்போது அப்படித் தோன்றுவதில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது பிரேமன் என்ற துறைமுக நகரம். கணவர் கப்பல் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் இடத்தில் வேலை செய்கிறார். நான் தூத்துக்குடியில் பி.காம். முடித்தவள். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனுக்கு இங்கே கிடைத்தது ஒரு கிடங்கு வேலை. ஆன்லைனில் விற்ற துணிகள் திரும்பி வந்து குவியும் கிடங்கு அது. இந்த ஊர்க்காரர்கள் ஒரு சட்டை வேண்டுமென்றால் அதையே மூன்று சைஸில் வரவழைத்து, வீட்டுக் கண்ணாடி முன் போட்டுப் பார்த்து, இரண்டைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அந்த இரண்டும் எங்கள் மேசைக்கு வரும். காலரில் பவுடர் ஒட்டியிருக்கிறதா, அக்குளில் வியர்வை வாடை அடிக்கிறதா என்று பார்த்து, தலைமுடி கிடந்தால் எடுத்து, ஆவி காட்டிச் சுருக்கம் நீக்கி, மடித்து, புது உறையில் போட வேண்டும். கூடவே ஒரு சீட்டு இருக்கும். சிறியது, பெரியது, படத்தில் பார்த்தது போல் இல்லை என்று காரணங்களில் ஒன்றை டிக் செய்திருப்பார்கள். எதிர் மேசையில் ரெனாட்டே. அறுபது வயதுக்காரி. நான் ஒரு கவுனை மடிப்பதற்குள் மூன்றை மடித்துவிடுவாள். முகம் தெரியாத எத்தனையோ பெண்களின் தோளும் இடுப்பும் நாள் முழுக்க என் கை வழியாகப் போய்க்கொண்டிருக்கும்.

என் அக்கா சந்தனமாரி என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அப்பாவுக்குச் சாத்தான்குளத்தில் பலசரக்குக் கடை. எனக்குப் பத்து வயதில் அம்மா போனாள். இரண்டு வருடம் கழித்து அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அதற்குள் அக்காவைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அத்தான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். காரியம் முடிந்த மூன்றாம் நாளே என் புத்தகப் பையையும் என்னையும் பஸ்ஸில் ஏற்றி முத்தையாபுரத்தில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள் அக்கா. அவளுக்குப் பிள்ளை இல்லை. பிறந்த வீடு என்று அதன்பிறகு அவளுக்கு மிஞ்சியது நான். எனக்கு மிஞ்சியது அவள்.

தீபாவளிக்குத் துணி எடுக்க சிவன் கோயில் பக்கத்தில் ஒரு கடைக்குப் போவோம். அந்தக் கடை அண்ணாச்சி கழுத்தில் அளவு நாடா எப்போதும் தொங்கும்; அதை அவர் எடுத்து நான் பார்த்ததில்லை. உள்ளே நுழைகிறவர்களைத் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்ப்பார், அளவு வந்துவிடும். ஒரு தீபாவளிக்கு என்னைப் பார்த்தவர் துணியை எடுத்துப்போடாமல் அக்காவிடம் சொன்னார்.

"ஏளா மாரி, போன வருசத்துக்கு இந்த வருசம் பிள்ளைக்குத் தோளு இறங்கிட்டே. கண்ணும் மஞ்சளா கெடக்கு. துணி எங்கன போவப் போவுது, முதல்ல டாக்டர்ட்ட கொண்டுபோய்க் காட்டு."

எனக்கு மஞ்சள்காமாலை. அதை முதலில் கண்டுபிடித்தவர் ஜவுளிக்கடைக்காரர். அன்று அக்கா கடையிலிருந்தே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியது, வழியெல்லாம் என் இமையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது எல்லாம் நினைவிருக்கிறது.

ஜெர்மனிக்கு வந்து முதல் பொங்கலுக்கு அக்காவுக்கு என்ன அனுப்புவது என்று யோசித்தபோது போனிலேயே வழி இருந்தது. இங்கே உட்கார்ந்து நம் ஊர் ஆன்லைன் கடையில் ஒரு சுடிதாரைத் தேர்ந்தெடுத்து, முத்தையாபுரம் முகவரியைப் போட்டேன். நாலாம் நாள் அக்கா வீட்டு வாசலில் இறங்கிவிட்டது. எக்ஸ்.எல். சைஸ். அக்கா நல்ல உடம்புக்காரி. நடந்து வந்தால் தெருவே கொஞ்சம் நிரம்பினாற்போல் இருக்கும்.

"தொட்டுப் பாக்காம எப்படிளா எடுத்த? அளந்து தச்ச மாதிரி இருக்கு" என்று போனில் கூவினாள். எதிர்வீட்டு ஜெசிந்தா அக்காவைக் கூப்பிட்டு அவளும் தடவிப் பார்த்து நல்ல துணி என்று சொன்ன பிறகுதான் போனை வைத்தாள்.

அதிலிருந்து தீபாவளி, பொங்கல், அவள் பிறந்தநாள், ஆவணித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் போவது என்று எல்லாவற்றுக்கும் நான் அனுப்பிக்கொண்டே இருந்தேன். அக்கா கடைக்குப் போவதே நின்றுபோயிற்று. கடைத்தெருக் கூட்டத்திலும் வெயிலிலும் அவளை அலையவிடாமல் செய்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

ஒரு தீபாவளிக்கு அனுப்பியது லூசாக இருக்கிறது என்றாள். அடுத்த முறை எல். சைஸ் போட்டேன். பொங்கலுக்கு அனுப்பிய எல்லும் லூசு. "அந்தக் கம்பெனிக்காரன் பெருசு பெருசா தைக்கான்ளா. ஒரு சைஸ் சின்னதாப் போடு" என்றாள். கம்பெனியை மாற்றினேன். அதுவும் லூசு. வீடியோவில் பேசும்போது போனை முகத்துக்கு மிக அருகில் பிடித்துக்கொள்வாள். கண்ணும் மூக்கும் மட்டும் திரை முழுக்கத் தெரியும். முகம் வாடியிருக்கிறதே என்றால் வெயில் என்பாள். எனக்குக் கோபம் கம்பெனிகள் மேல்தான் வந்தது. நாள் முழுக்கச் சைஸ் சரியில்லாத துணிகளைப் பிரிக்கிறவள் இல்லையா? அந்தத் துணியின் படத்துக்குக் கீழே இரண்டு நட்சத்திரம் கொடுத்து எழுதினேன்: 'சொன்ன அளவைவிடப் பெரிதாகத் தைக்கிறார்கள். ஒரு சைஸ் சின்னதாக வாங்கவும்.' பயனுள்ள கருத்து என்று யார் யாரோ அதில் குறித்திருந்தார்கள்.

மதியச் சாப்பாட்டின்போது இதை ரெனாட்டேயிடமும் புலம்பினேன். துணி தொளதொளவென்று இருப்பதை இங்கே 'ட்சு வைட்' என்பார்கள். என் அக்காவுக்கு எல்லாமே 'ட்சு வைட்' என்றேன். ரெனாட்டே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆமாம், இந்தியா ரொம்பத் தூரம்தான்" என்றாள். 'வைட்' என்றால் தூரம் என்றும் அர்த்தம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாயங்காலம் அக்காவிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். "வெள்ளக்காரி சரியாத்தான சொல்லுதா" என்றாள்.

அந்த ஆடி மாதம் எம். சைஸ் சுடிதார் ஒன்று போயிருந்தது. நாலு நாள் கழித்து அக்கா கேட்டாள்: "செல்வி, அதுல எஸ்ஸு இருக்கான்னு பாரு."

மறுநாள் கிடங்கில் ஒரு பெரிய பெட்டியைப் பிரித்தேன். வயதானவர்கள் போடும் பூப்போட்ட இரவு உடைகள் ஐந்து, எல்லாம் பெரிய சைஸ். சீட்டில் 'பெரியது' என்பதை டிக் செய்துவிட்டுக் கீழே யாரோ பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தார்கள். அம்மா என்ற சொல் புரிந்தது, மருத்துவமனை புரிந்தது. நடுவில் 'அப்கெநோமென்' என்று ஒரு சொல். போனை எடுத்தேன், தொப்பியைக் கழற்றினேன் என்பதற்கெல்லாம் அந்தச் சொல்லை வகுப்பில் படித்திருக்கிறேன். அம்மாவை என்ன செய்தார்கள் என்று விளங்கவில்லை. ரெனாட்டேயிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, தன் இரண்டு கன்னங்களையும் உள்ளே இழுத்துக் குழியாக்கிக் காட்டினாள். மெலிந்துவிட்டாள்.

கையில் இருந்த துணியை நான் எப்போது கீழே வைத்தேன் என்று தெரியாது. எக்ஸ்.எல்., எல்., எம்., எஸ். பத்தே மாதம். வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் போய் நின்று அத்தானுக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம். துறைமுகத்து லாரிச் சத்தம் கேட்டது.

"அத்தான், அக்காவுக்கு என்ன?"

அவர் லாரிகளை விட்டு விலகி நடப்பது கேட்டது.

"அத்தான்."

"வயித்துல கட்டி செல்வி. மதுரையில பாக்கோம். ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா. நான் என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு அழுதார். முப்பது ஆள் உயரத்தில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிற மனிதர்.

அக்கா ஏன் மறைத்தாள் என்று எனக்குக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. எனக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருக்கிறது. இரண்டாவது, ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிய பத்தாவது நாள். பயணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இங்குள்ள டாக்டர் சொன்னார். அக்கா ஏற்கவில்லை. தன்னைப் பார்க்க வந்ததால்தான் போயிற்று என்று அவள் மனதில் ஊன்றிவிட்டது. அதன்பிறகு நான் குழந்தைக்காக ஊசி மருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு வருகிறேன் என்று எப்போது சொன்னாலும், "வயித்துல ஒண்ணு தங்கட்டும், பெறவு வா" என்று தடுத்துவிடுவாள்.

அந்த வாரமே கிளம்பினேன். சென்னையிலிருந்து வந்த சின்ன விமானம் உப்பளங்களின் மேல் தாழ்ந்தபோது வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள் தெரிந்தன. முத்தையாபுரம் வீட்டில் ஜெசிந்தா அக்காதான் கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால், கட்டிலில், நான் ஆடியில் அனுப்பிய எம். சைஸ் சுடிதாருக்குள் அக்கா உட்கார்ந்திருந்தாள். தோளில் இரண்டு பக்கமும் ஊக்குக் குத்தி இழுத்துப் பிடித்திருந்தது. அவள் கேட்ட எஸ். சைஸும் அவளுக்குப் பெரிதாகத்தான் இருந்திருக்கும்.

"ஏளா, எதுக்கு வந்த? இந்த மாசம் ஊசி உண்டுல்லா?" என்றாள்.

"ஏங்கா சொல்லல?"

"சொன்னா வந்திருவ. இப்ப வந்துட்டல்லா, அந்த மாதிரி."

அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவள் என் தலையைத் தடவவில்லை. கையைத் தூக்குவது அவளுக்கு எவ்வளவு பெரிய வேலை என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. பீரோவைத் திறந்தால் நான் அனுப்பியவை எல்லாம் அடுக்கி இருந்தன. ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பினால் எனக்குத் தகவல் வரும், நான் துருவிக் கேட்பேன் என்று பயம். பழைய சுடிதார்களைப் புரட்டிப் பார்த்தேன். பக்கத் தையலுக்கு உள்ளே இன்னொரு தையல், அதற்கும் உள்ளே இன்னொன்று. முதலில் மெஷினில் உட்கார்ந்து தானே பிடித்துத் தைத்திருக்கிறாள். மெஷினை மிதிக்கக் காலில் தெம்பு போன பிறகுதான் என்னிடம் சைஸ் குறைக்கச் சொல்லியிருக்கிறாள். அவள் அந்த அண்ணாச்சி கடைக்கு ஒரே ஒரு தடவை போயிருந்தால் அவர் வாசலிலேயே பிடித்திருப்பார். போக வேண்டாத மாதிரி செய்தது நான். இதைச் சொன்னால் அத்தான் ஒத்துக்கொள்வதில்லை. டாக்டர்கள் முதலிலேயே கைவிரித்துவிட்டார்கள் என்கிறார். இருக்கலாம்.

பத்தாம் நாள் காலையில் கஞ்சி குடித்துவிட்டு அக்கா சொன்னாள்: "கடைக்குப் போவணும். ஒரு சேலை எடுக்கணும்."

"போன்லயே பாப்போம்கா, இந்த ஒடம்போட..."

"பொறந்த வீட்டுக் கோடிய ஆன்லைன்ல போடுதேன்னு நிக்காத. நேர்ல போயி எடுப்போம்."

பிறந்த வீட்டுக் கோடி என்றால் இறந்த பெண்ணின் மேல் கடைசியாகப் போர்த்துவதற்கு அவள் அண்ணன் தம்பி வீட்டிலிருந்து கொண்டுவருகிற புதுச்சேலை. எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தலைவாரச் சீப்பைக் கேட்டாள். நான் வாரிவிட்டேன். அத்தான் ஆட்டோவைக் கூட்டிவந்தார்.

கடையில் அண்ணாச்சி இல்லை. மகன் இருந்தார். அவரும் அப்பா மாதிரியே ஒருமுறை பார்த்தார், பார்வையை எடுத்துக்கொண்டார். ஒன்றும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப்போட்டு, பேனைத் திருப்பி வைத்து, "என்ன சேலைக்கா காட்டட்டும்?" என்றார். நான் சிவப்பில் ஒரு பட்டைக் காட்டினேன். "எனக்குச் செவப்பு எடுபடாது. அரக்கு எடுங்க" என்றாள் அக்கா. பத்துப் பதினைந்து சேலை பிரித்துப் போட்டார்கள். ஒவ்வொன்றின் முந்தியையும் இரண்டு விரலுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். ஒன்று மொடமொடவென்று இருக்கிறது என்றாள், இன்னொன்றுக்குக் கரை கூடிப்போயிற்று என்றாள். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் அரக்கில் மெல்லிய மாங்காய்க் கரை போட்ட சேலையை மடியில் வைத்துக்கொண்டு, "சேலைன்னா நல்லதுளா, சைஸ் பாக்க வேண்டாம்" என்றாள். கடைக்காரர் நல்ல காரியத்துக்கா என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்கவில்லை. காப்பி வரவழைத்துக் கொடுத்தார். அக்கா இரண்டு வாய் குடித்தாள். ரொம்ப நாள் கழித்து வாய்க்குப் பிடித்தது என்றாள்.

எனக்கு மூன்று வாரம்தான் விடுப்பு. இன்னும் இருக்கிறேன் என்றேன். அக்கா விடவில்லை. "ஊசி தேதி தப்பக் கூடாது. நீ இருந்து என்னத்த பிடிச்சு நிறுத்தப் போற?" என்று கடுமையாகச் சொன்னாள். வாசல் வரை வரவில்லை. கட்டிலிலிருந்தே கையை லேசாக அசைத்தாள். நான் கிளம்பினேன். அவள் சொன்னதற்காகப் போனேனா, என் வயிற்றுக்காகப் போனேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த ஊசியும் பலிக்கவில்லை.

புரட்டாசியில் ஒரு காலை, கிடங்கில் வேலை தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், அத்தான் கூப்பிட்டார். டிக்கெட் தேடிப் பார்த்தோம். எப்படிப் போனாலும் மறுநாள் ராத்திரிதான் போய்ச் சேர முடியும். அதுவரை வைத்திருக்க முடியாது என்று அங்கே பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மதியம் அத்தான் வீடியோவில் வந்தார். ரெனாட்டே என்னைக் கிடங்கின் பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு பெட்டிமேல் உட்காரவைத்துப் பக்கத்தில் நின்றுகொண்டாள். போன் வழியாக எங்கள் வீட்டு முற்றம் ஆடி ஆடித் தெரிந்தது. "பொறந்த வீட்டுக் கோடி யாரு?" என்று ஒரு குரல் கேட்டது. அத்தான் உள்ளே போய்ப் பீரோவிலிருந்து அரக்குச் சேலையை எடுத்துவந்தார். யார் கையில் கொடுப்பது என்று அங்கே பேச்சு எழுந்தது. ஜெசிந்தா அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேலையை வாங்கினாள். அவள் கிறிஸ்தவள்; வேதக்காரி போடலாமா என்று யாரோ முனகினார்கள். அவள் அதைக் காதில் வாங்காமல் போனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"செல்வி, நல்லாப் பாத்துக்கோ. நீதான் போடுத. நான் ஒன் கை மட்டுந்தான்."

சேலை விரிந்தது. தலையிலிருந்து கால் வரை போதுமானதாக இருந்தது.

ஆறு மாதம் கழித்து அத்தான் பேசினார். "துணியெல்லாம் பீரோவுல அப்படியே கெடக்கு. இங்கன யாருக்கும் எடுத்துக் குடுக்க எனக்கு மனசு வரல. நீ எடுத்தது, ஒனக்கே அனுப்பிருதேன்." வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. போன வாரம் இங்கே சுங்க அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பார்சலை நேரில் வந்து பிரித்துக் காட்ட வேண்டுமாம். போனேன். கண்ணாடி போட்ட இளம் அதிகாரி ஒருவர் கத்தியால் கட்டைப் பிரித்தார். அந்துருண்டை வாசனை அறையெல்லாம் பரவியது. அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே கேட்டார்.

"கடையில் வாங்கியதா?"

"ஆன்லைனில்."

"எங்கிருந்து?"

"இங்கிருந்து."

"இங்கிருந்து வாங்கியது ஏன் இந்தியாவிலிருந்து வருகிறது?"

"இங்கிருந்து வாங்கி அங்கே அனுப்பினேன்."

"சரி, புரிந்தது" என்று அவர் முகம் தெளிந்தது. "பிடிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்."

"இல்லை" என்றேன். "உடுத்தினார்கள்." அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஜெர்மன் இல்லை.

அவர் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த படிவத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தார். அனுப்புநர் இடத்தில் அத்தான் தன் பெயரை எழுதவில்லை. வாங்கியது நான்தானே என்று நினைத்திருக்கிறார் போல. மேலே என் பெயர், முத்தையாபுரம், தூத்துக்குடி. கீழே என் பெயர், பிரேமன். இரண்டும் அத்தானின் முத்து முத்தான கையெழுத்தில். அதிகாரி மேலும் கீழும் படித்தார். "ஒரே பெயர். இதில் நீங்கள் யார்?" என்று கேட்டார். கேலி இல்லை, படிவத்துக்காகத்தான் கேட்டார். நான் பேனாவை வாங்கினேன். கீழே மட்டும் கையெழுத்துப் போட்டால் போதும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இடத்திலும் போட்டுவிட்டிருந்தேன்.